மாறுவேட நாளும் மூன்றாவது சேலையும்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் முதல் முறையாக மாறுவேடப் போட்டி வைத்தார்கள். அறுபதுகள் முடிகிற சமயம் அது. எங்கள் டீச்சர் வாலாஜாபாத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். ஒரு திங்கட்கிழமை காலை வருகைப் பதிவு எடுத்து முடித்ததும், வகுப்பில் இருக்கும் எல்லாரும் ஏதாவது ஒரு வேஷத்தில் மேடையேற வேண்டும், யாரும் தப்பிக்கக் கூடாது என்று சொன்னார். வேஷத்துக்கு வேண்டிய கிரீடம், ஜிகினா வைத்த சட்டை, மாலை எல்லாம் ராஜ வீதிப் பக்கம் ஒரு கடையில் வாடகைக்குக் கிடைக்கும் என்றும் சொல்லி, கடைக்கு வழியும் சொல்லித் தந்தார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கடைக்கு வழி வேற சொன்னாங்களா?"

"ஆமாம்மா."

"வேற கடை எதுவும் சொல்லலியா? அந்த ஒரு கடைதானா?"

"அது ஒன்னுதான்."

"அந்தக் கடைக்காரனுக்கும் உங்க டீச்சருக்கும் இன்னா ஒறவோ" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

அம்மாவின் சுபாவம் அது. பால்காரர் சொம்பை அளக்கும்போது விரல் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பாள். கோயிலில் சுண்டல் கொடுத்தால்கூட முன்னால் நின்றவருக்கு எவ்வளவு விழுந்தது என்று பார்ப்பாள். அப்பா நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார். அப்பா கூலிக்குத் தறி நெய்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு முதலாளி பட்டு நூலும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார். அப்பா வீட்டுத் தறியில் சேலையாக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார். முதலாளியின் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். ஒரே பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருவாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். இடைவேளையில் அவள் கொண்டுவரும் முறுக்கில் பாதி எனக்கு வரும்.

மாறுவேட அறிவிப்பு வந்த நேரம் எங்கள் வீட்டில் நல்ல நேரமாக இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அப்பாவுக்கு ஒரு சேலைக்குப் பாதிக் கூலியைப் பிடித்துவிட்டார்கள். ஒரு பாவில் மூன்று சேலை வரும். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல். அந்தப் பாவில் மூன்று சேலையும் கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சளில் கரையும் முந்தானையும் என்று பேச்சு. முதல் இரண்டும் சிக்கலில்லாமல் போயின. மூன்றாவதைக் கொண்டுபோனபோது சேலையின் உடல் பகுதியில் எண்ணெய்க் கறை இருக்கிறது, இதை விலைக்கு விற்க முடியாது என்று சொல்லி முதலாளி கூலியைக் குறைத்துவிட்டார். சேலையையும் அவரே வைத்துக்கொண்டார்.

அன்று அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"கறைய நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"அவரு வெரல வச்சிக் காட்டினாரு."

"வெரல பாத்தீங்களா, கறைய பாத்தீங்களா?"

"என்னமோ மங்கலா இருந்தாப்பல இருந்துச்சி. நான் தலைய ஆட்டிட்டேன்."

"தறியிலேர்ந்து எறக்கும்போது நான்தான மடிச்சேன்? எனக்குத் தெரியாம எங்கேர்ந்து வந்துச்சி எண்ணெய்?"

அப்பா பின்கட்டுக்குப் போய்க் கைகால் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

அதனால் வாடகைக் கிரீடம் என்ற பேச்சுக்கே வீட்டில் இடமில்லை. ஆனால் போகாமல் இருக்கவும் முடியாது. வேஷம் போடாதவர்களை டீச்சர் எழுப்பி நிற்க வைத்துக் காரணம் கேட்டார். காசில்லை என்று யார் வாயைத் திறந்து சொல்வார்கள்? ஒருத்தி அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். இன்னொருத்தி துணி தைக்கப் போட்டிருக்கிறது என்றாள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பித்தளை அண்டா ஒன்று திடீரென்று காணாமல் போயிற்று. அடுத்த நாள் அந்த வீட்டுப் பெண் வாடகைக் கடையிலிருந்து தேவதை இறக்கையோடு வந்தாள். அண்டா எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. அண்டா இருந்த இடத்தை மட்டும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா எனக்குக் கீரைக்காரி வேஷம் என்று முடிவு செய்தாள். அவளுடைய பழைய கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டி, தலையில் சும்மாடு வைத்து, எங்கள் வீட்டுக் கூடையையே ஏற்றிவிடுவது. செலவு ஒரு கட்டு முளைக்கீரை. அதுவும் மறுநாள் குழம்புக்கு ஆகும்.

பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த முதலாளி மகளிடம், "நீ இன்னா வேஷம்?" என்று கேட்டேன்.

"ராணி" என்றாள். பிறகு காதில் சொன்னாள்: "எங்கப்பா பட்டுச் சேலை எடுத்துக் குடுக்கறாரு. யாருக்கும் சொல்லாத."

யாருக்கும் சொல்லாதே என்று ஏன் சொன்னாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள்தான் யோசித்தாள். "பட்டு வியாபாரி பொண்ணு பட்டு கட்டறதுல இன்னா ரகசியம்?" என்றாள்.

விழா அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பெஞ்சுகளைச் சேர்த்து மேடை போட்டிருந்தார்கள். முன்வரிசையில் நாற்காலிகள். அதில் நகரத்துப் பெரிய மனிதர்கள். முதலாளியும் அவர் மனைவியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். விழாவுக்குப் பந்தல் செலவு அவருடையது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மற்ற பெண்கள் எல்லாம் தரையில் ஜமக்காளத்தில். ஆண்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். அப்பா அங்கே இருந்தார்.

மேடைக்குப் பக்கத்து வகுப்பறையில் நாங்கள் காத்திருந்தபோதுதான் தெரிந்தது, கீரைக்காரி நான் ஒருத்தி இல்லை என்பது. என்னைச் சேர்த்து ஐந்தாறு பேர் கூடையும் கீரையுமாக நின்றோம். ஒருத்தியுடைய அம்மாவுக்கு வந்த யோசனை இன்னொருத்தியுடைய அம்மாவுக்கும் வந்திருக்கிறது. ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டோம். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் காப்பியடித்தார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. டீச்சர் எங்கள் கூடைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். "எல்லாரும் சேந்தே போங்க. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு கீரை பேரச் சொல்லிக் கூவுங்க" என்றார். போனோம். நான் முளைக்கீரை என்று கூவினேன். ஜமக்காளத்தில் இருந்த பெண்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஒரு அம்மாள், "கட்டு என்னா வெலடி?" என்று கீழேயிருந்து கேட்டுவிட்டார். மறுபடி சிரிப்பு. இறங்கி வரும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அதற்குப் பிறகுதான் ராணி வந்தாள்.

வாடகைக் கிரீடம், கையில் அட்டைச் செங்கோல். பெரியவர்கள் கட்டும் முழுச் சேலையை இரண்டாக மடித்து, ஊக்கு ஊக்காகக் குத்தி, முந்தானையை மட்டும் பின்னால் நீளமாகத் தரையில் இழுபடும்படி விட்டிருந்தார்கள். கத்தரிப்பூ நிறம். முந்தானை மஞ்சள். ஆனால் அது கரையின் மாம்பழ மஞ்சள் இல்லை. அதைவிடத் தூக்கலாக, அரைத்த மஞ்சள் நிறத்தில் இருந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மூன்றாவது சேலைக்கு முந்தானை நெய்யும்போது மாம்பழ நிற நூல் போதாமல் போய், முதலாளி வேறு சாயத்தில் தோய்த்த நூலைக் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த நூலை ராட்டையில் சுற்றியது நான். இரண்டு மஞ்சளும் வேறு வேறாக இருக்கிறதே என்று அப்பாவிடம் கேட்டதும் நான். முதல் இரண்டு சேலைக்கும் இந்த முந்தானை கிடையாது. கறை பட்டது, விற்க முடியாது என்று சொன்ன சேலை மேடையில் நடந்துகொண்டிருந்தது.

நான் அம்மாவைத் தேடினேன். ஜமக்காளத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க அவள் மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவள் காதில் விழவில்லை.

ராணிக்குத்தான் முதல் பரிசு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

போட்டி முடியும்போது கரண்ட் போய்விட்டது; வகுப்பறையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வேஷம் கலைத்துக்கொண்டிருந்தோம். ராணியின் சேலையிலிருந்து ஊக்குகளை டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்தார். சேலை குவியலாகக் கீழே விழுந்தது. "யாராவது பெரியவங்க இத மடிச்சிக் குடுங்கம்மா. பட்டு, மிதிச்சிடப் போறாங்க" என்றார்.

அம்மா எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. "நான் மடிக்கிறேன் டீச்சர்" என்று குனிந்து எடுத்தாள். எனக்கு ஒரு முனையைக் கொடுத்தாள். நான் கீரைக்காரி வேஷத்திலேயே அறையின் ஒரு கோடியில் நின்றேன், அவள் மறுகோடியில். சேலையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கை அகலம் ஒரு கை அகலமாக நகர்த்திப் பார்த்தாள். திருப்பிப் பிடித்து அந்தப் பக்கமும் பார்த்தாள். பக்கத்தில் ராணி பாவாடை சட்டைக்கு மாறிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மடிப்பு கலையாம பாத்து மடிங்க" என்றாள். "நாளைக்கு மெட்ராஸ் கடைக்குப் போவணும். இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் எங்கப்பா கட்டிக்கச் சொன்னாரு. அழுக்கு பண்ணினா ஒதைன்னு சொன்னாரு."

"விக்கறதுக்குப் போவுதாம்மா?"

"ஆமா. அதான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. கட்டின சேலைன்னு தெரிஞ்சா வாங்க மாட்டாங்களாம்."

அவ்வளவு பெரிய வீட்டிலும் மகளின் வேஷத்துக்கென்று ஒரு சேலை எடுக்கவில்லை, விற்கிற சேலையைத்தான் ஒரு சாயங்காலத்துக்குச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது. அம்மாவுக்கு அதில் ஆச்சரியமில்லை. அவள் வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சேலையை நாலாக மடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வகுப்பறையை விட்டு வெளியே போனாள். நான் பின்னால் ஓடினேன்.

முன்வரிசையில் எல்லாரும் எழுந்து பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் மனைவியைச் சுற்றிப் பெண்கள் நின்று ராணி வேஷத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா நேராகப் போய்ச் சேலையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அக்கா, சேலைய மடிச்சிட்டேன். அங்குலம் அங்குலமா பாத்துட்டேன். ஒரு கறை கெடையாது."

சாதாரணக் குரல்தான். ஆனால் சுற்றி நின்ற பெண்களில் பாதிப் பேர் தறி வீட்டுக்காரர்கள். எங்களுக்குக் கூலி பிடித்த கதை எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சேலையைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியின் மனைவி சேலையை வாங்கிக்கொண்டார். முந்தானையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா முன்னால் வேகமாக நடந்தார். தெரு முனை திரும்பியதும் நின்று, "நாலு பேரு நடுவுல அப்படிக் கேக்கலாமா?" என்றார்.

"நான் எங்க கேட்டேன்? கறை இல்லன்னு சொன்னேன். நல்ல வார்த்தைதான?"

"நாளைக்குக் கூப்பிட்டு விடுவாரு."

"கூப்பிடட்டும். நானும் வரேன்."

சொன்னபடியே மறுநாள் காலை ஆள் வந்தது. அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மாவும் கிளம்பினாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். முதலாளி வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து நூல் எடை போட்டுக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"கறை இருந்துச்சி. வெளுக்கக் குடுத்தோம். போயிடுச்சி. இதுக்கு இன்னா இவ்ளோ பேச்சு?"

"எங்க குடுத்தீங்க முதலாளி?" என்றாள் அம்மா.

"எங்க குடுத்தா உனக்கு இன்னாமா?"

"கறை போயிடுச்சின்னா, கறைக்காகப் புடிச்ச கூலியும் போன எடத்துலேர்ந்து திரும்பி வரணும் இல்ல?"

முதலாளி தராசைக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்து, "இன்னாபா, உங்க வூட்ல எல்லாத்தையும் அந்தம்மாதான் பேசுமா?" என்று கேட்டார்.

அப்பா வழக்கம்போல் தலையை ஆட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆமா முதலாளி. நானா இருந்தா தலைய ஆட்டிட்டு வந்துடுவேன். அது ஆட்டாது."

உள்ளே கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. முதலாளியின் மனைவிதான் என்று அம்மா பிறகு சொன்னாள். எனக்குத் தெரியாது. வெளுத்த செலவு போக மீதி என்று சொல்லி முதலாளி ஏதோ கொடுத்தார். வாசலுக்கு வந்ததும் அம்மா, "வெளுத்தானோ இல்லியோ, வெளுத்த கூலிய எடுத்துக்கினான் பாரு" என்றாள். ஆனால் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா சேலை கொடுக்கப் போகும் நாளெல்லாம் அம்மாவும் கூடப் போனாள். கூடத்துக்குள் போகாமல், வெளிச்சம் விழும் வாசலில் நின்று சேலையை முழுக்கப் பிரித்துக் காட்டி, "சரியா இருக்குதா, பாத்துச் சொல்லிடுங்க" என்று வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் மடித்துக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் மற்ற தறிக்காரர்களின் மனைவிமார்களும் கூடப் போக ஆரம்பித்தார்கள். சேலை வாங்கும் நாளில் முதலாளி வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம் நிற்கும். அவர் அதற்கு 'செக்கிங் கமிட்டி' என்று பெயர் வைத்திருந்தாராம். எண்ணெய்க் கறை என்ற பேச்சு அபூர்வமாகிவிட்டது.

ஆனால் சந்தேகம் ஒரு பக்கம் மட்டும் நிற்கவில்லை. முன்பெல்லாம் நூலைக் கொடுத்துவிட்டால் சேலை வரும்வரை எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத முதலாளி, இப்போது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். தறியில் எவ்வளவு நெய்திருக்கிறது, மீதி நூல் எங்கே, ஜரிகை நூல்கண்டு எத்தனை என்று கேட்டார். மிச்ச நூலை ஆள் வைத்து எடை போட்டார். அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. எடை சரியாக இருந்த நாளிலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பள்ளிக்கூடத்தில் முதலாளியின் மகள் இடம் மாறி உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேரும் தனியாக நின்றோம்.

"உங்க வூட்ல நூலு எடுத்துக்கறீங்களாம். அதான் எடை போடறாங்களாம்" என்றாள்.

"நாங்க எடுக்கல."

"எங்கப்பாவும் பொய் சொல்லல. கறை இருந்துச்சாம்."

"நீ பாத்தியா?"

அவள் குழாயை மூடாமலேயே போய்விட்டாள். நான் மூடினேன். என் அம்மாவின் கேள்வி என் வாயிலிருந்து வந்ததை அன்று நான் கவனிக்கவில்லை. முறுக்கு போனதுதான் அப்போது பெரிதாக இருந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

அடுத்த வருடம் மாறுவேடப் போட்டி வந்தபோது அவள் சேரவில்லை. காய்ச்சல் என்றார்கள். நான் நம்பவில்லை. அந்தக் கோடை விடுமுறைக்குப் பிறகு அவளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதே சமயத்தில் அப்பாவும் முதலாளியை விட்டுவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்யப் போனார். அங்கே மேஜையில் விரித்து, எல்லாரும் பார்க்கச் சேலையைச் சோதித்தார்கள். முதல் சேலைக்கு அம்மா கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த மேஜைக்காரர் யார் எவர் என்று ரொம்ப நாள் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

பல வருடங்கள் கழித்து, எனக்குக் கல்யாணமாகிச் செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு, அம்மாவும் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். என் மகள் பள்ளிக்கூடத்தில் வேஷம் போட வேண்டும் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு தானாகப் பழைய கதைக்குப் போயிற்று. நான் சிரித்துக்கொண்டே சொல்ல, என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"அன்னிக்கு அந்தச் சேலைய மடிக்கும்போது ஒரு வாசனை அடிச்சுது" என்றாள் திடீரென்று. "பெட்ரோல் மாதிரி. கரண்ட் போயி பெட்ரோமாக்ஸ் வச்சிருந்தாங்களே, அது வாசனைன்னு நெனச்சிக்கினேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பட்டிலிருந்து எண்ணெய்க் கறை எடுக்கப் பெட்ரோலில் துடைப்பார்கள் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப நெசமாவே கறை இருந்துச்சாம்மா?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றாள். "பெட்ரோமாக்ஸுக்கு ஊத்தறது கெரசின் இல்ல? அது வேற வாசனையாச்சே."

அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, மங்கலா இருந்தாப்பல இருந்துச்சின்னு" என்றார்.

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "இருந்தா மட்டும்? தொடச்சி எடுத்து முழு வெலைக்கு வித்தான் இல்ல? நமக்கு மட்டும் ஏன் பாதிக் கூலி?"

அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.